கோடைத் தொடக்கத்தில் கணவாய்ப் பனியை அறிதல்

குல்லுப் பள்ளத்தாக்கிலிருந்து லாஹுல் பிரதேசத்திற்குச் செல்லும் ஹம்ப்தா கணவாய் ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரத்திலுள்ளது. ஜூன் மாதத் தொடக்கத்தில் மணாலியில் கோடை நிலவும்போதும், அக்கணவாயில் குளிர்காலத்து வெண்பனி எஞ்சியிருக்கும். அதன் அளவைப் பஞ்சாங்கம் கூறாது. மத்தியதரைக் கடற்புறத்திலிருந்து கிழக்கு நோக்கி வரும் காற்றுக் குலைவுகளே மேற்கு இமயத்திற்குப் பெரும்பாலான குளிர்காலப் பனியைத் தருகின்றன. அவை ஓராண்டில் மிகுந்தும் மற்றோராண்டில் குறைந்தும் வரும். ஆதலின், சென்ற ஆண்டு இதே தேதியில் எளிதாகக் கடந்தோம் என்பது சான்றாகாது.

முதற்சோதனையைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யலாம். பனியும் மேகமும் கண்ணுக்கு ஒன்றுபோல் வெண்மையாகத் தோன்றினும், குறுகிய அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியில் பனி கருமையாகவும் மேகம் பெரும்பாலும் வெளிறியும் காணப்படும். எனினும், இப்படம் பனியின் பரப்பைக் காட்டுமேயன்றி ஆழத்தைக் காட்டாது. ஓடையின்மேல் பாலம்போல் நிற்கும் பனி அடியில் அரிக்கப்பட்டிருப்பதையும் காட்டாது.

இவற்றை அண்மையில் அவ்வழியே சென்றுவந்த ஆட்டிடையரையோ வழிகாட்டியையோ கேட்டே அறிதல் வேண்டும். "பனி இருக்கிறதா?" என்பது பயனுள்ள வினாவன்று. எந்த நாளில், எந்த வேளையில் கடந்தார், கால் எதுவரை புதைந்தது, ஓடையை எங்கே தாண்டினார் என்று வினவுதல் நலம். இரவில் இறுகிய பனி விடியலில் காலைத் தாங்கும். ஆனால் செங்குத்தான சரிவில் வழுக்கும். நண்பகலுக்குப்பின் அதே பனியில் முழங்கால்வரை புதையலாம். வேளை கூறாத செய்தி பாதிச் செய்தியே.

இனி, வானிலை. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் உஷ்ணநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,050 மீட்டர். எனவே கணவாயில் சுமார் 14 டிகிரி குறைவாயிருக்கும். மணாலியில் 12 டிகிரியில் மழை பெய்யுமாயின், மேலே விழுவது புதுப்பனியே. மாணவரும் செய்யத்தக்க இவ்வெளிய கணக்கைப் பலர் செய்வதில்லை. புதுப்பனி விழுந்தபின், 30 முதல் 45 டிகிரிவரை சாய்ந்த சரிவுகளில் பனிச்சரிவு நேரும் அபாயம் மிகும்.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாசி மாவட்டத்தின் சகஸ்ர தால் பாதையில், கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவினருள் ஒன்பதின்மர் பனிப்புயலில் சிக்கி மாண்டனர். பருவம் கோடையே.

புறப்படும் நாளில் படித்த முன்னறிவிப்பு, கணவாயை அணுகும்போது பழையதாகிவிடும். ஆதலின், கணவாய்க்குக் கீழேயுள்ள பாலு கா கேரா முகாமில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குதற்குரிய உணவும் எரிபொருளும் சுமையில் இருத்தல் வேண்டும்.