இடுக்கி பிடிக்கும் கைக்கு ஏன் வலி?

புனே - சோலாப்பூர் நெடுஞ்சாலையில் உள்ள பிக்வான் கிராமத்தில் 1996-ல் டாக்டர் அரவிந்த் சோப்ரா குழுவினர் வீடு வீடாக மூட்டுவலிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். வயது வந்தோரில் சுமார் 0.5 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. சிறிய எண்தான். ஆனால் இந்த நோய் முதலில் குறிவைப்பது பெரும்பாலும் விரல் மூட்டுகளை; அதாவது, அன்றாட வேலைகள் அனைத்தையும்.

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்க, தசைநார்கள் தளர்கின்றன; விரல்கள் மெல்ல சுண்டுவிரல் பக்கம் சாய்கின்றன. மருந்து அழற்சியை அடக்கும். ஆனால், சூடான பாத்திரத்தை யார் இறக்குவது?

இங்குதான், அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிக்கு வழிகாட்டும் ஆக்குபேஷனல் தெரபி வருகிறது. விரல் நுனிகளால் ஒரு கிலோ விசையில் எதையாவது கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரலின் அடிமூட்டில் சுமார் 12 கிலோ விசை அழுந்துகிறது! எனவே ஒற்றைக் கையில் இடுக்கி வேண்டாம். இரு காது வைத்த பாத்திரத்தை இரு உள்ளங்கைகளாலும் தாங்கலாம். துணியை முறுக்கிப் பிழியாமல், கொடியில் சொட்டவிடலாம். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரல்களை இறுக்க வேண்டியதில்லை.

அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு. பிரிட்டனில் 490 நோயாளிகளிடம் நடந்த ‘சாரா’ ஆய்வில், சிகிச்சையாளர் வகுத்துத் தந்த கைப்பயிற்சிகளைச் செய்தவர்களின் கைத்திறன், ஓராண்டுக்குப் பிறகு மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மருந்தும் கூடவே தொடர்ந்தது.