கிரவுன், பினியன்: ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ வாங்கி, கியர் பாக்ஸை முழுக்கப் பிரித்து, பேரிங், சின்க்ரோ ரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றியாயிற்று. ஆனாலும் ஓட்டும்போது ஊளைச் சத்தம் கேட்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் இன்னொரு சுருதி. எந்த கியரில் போனாலும் இதே கதை என்றால், கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டாம். பின் ஆக்ஸிலில் உள்ள டிஃபரன்ஷியலைப் பாருங்கள்.

பெரும்பாலும் அங்கே நடந்திருப்பது இதுதான்: பினியனில் பல் உடைந்திருக்கும், கிரவுன் வீல் பார்க்க நன்றாக இருக்கும். “கிரவுன் தேயவே இல்ல சார், பினியன் மட்டும் புதுப்பேட்டையில பழசு ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்” என்று மெக்கானிக் சொல்லியிருப்பார். செலவு பாதியாகும் என்று உரிமையாளரும் தலையாட்டியிருப்பார்.

இந்தக் கணக்கு ஏன் தப்பு? கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. பல் வெட்டிக் கடினப்படுத்திய பின், தேய்ப்புப் பசை தடவி இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிடுவார்கள். பழகிய ஆட்டுக்கல்லும் குழவியும் போல, ஒன்றின் பரப்பு மற்றதற்கென்றே அமைந்துவிடும். அதன் பிறகு இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறிப்பார்கள். பினியன் முகத்தில் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதற்கான சிறு குறியும் பல செட்டுகளில் இருக்கும். எண்ணெயைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். எண்கள் வேறு வேறாக இருந்தால் அது செட் அல்ல, இரண்டு தனித்தனி இரும்பு.

பல் எண்ணிக்கை ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதிலும் ஏமாறலாம். பிரிட்டனின் எம்ஜிஏ காரில் பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 43. அதற்கடுத்து வந்த எம்ஜிபியில் பினியனுக்கு 11, கிரவுனுக்கு அதே 43. கிரவுனை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் விகிதம் ஒன்றில் 4.3, மற்றதில் 3.909. எம்ஜிபி செட்டை அப்படியே எம்ஜிஏவில் மாட்டினால் சத்தம் வராமல் ஓடலாம். ஆனால் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருவதால், முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-ல் போய்க்கொண்டிருக்கும்.

உங்கள் ஆக்ஸிலில் என்ன விகிதம் இருக்கிறது என்பதைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். டயரிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். இன்னொரு சக்கரம் தரையில் நிற்பதால்தான் ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்று. நான்கைத் தாண்டிச் சற்று நகர்கிறதா, நான்குக்கு முன்பே நிற்கிறதா என்பது கோட்டில் தெளிவாகத் தெரியும்.

புது செட் வாங்கியதோடு வேலை முடிவதில்லை. பினியன் ஆழத்தை ஷிம் வைத்துச் சரிசெய்ய வேண்டும், பினியன் பேரிங்குக்கு உரிய இறுக்கம் கொடுக்க வேண்டும், பேக்லாஷை டயல் கேஜில் அளக்க வேண்டும். இந்த அளவு கார்களில் அது பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே இறுதி. கையால் ஆட்டிப் பார்த்து “சரியா இருக்கு” என்பதை ஏற்காதீர்கள். கடைசியாக, பற்களில் மார்க்கிங் ப்ளூ தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ ஓரத்திலோ விழுந்தால் திரும்பப் பிரித்து ஷிம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பொறுமையான மெக்கானிக் இதற்கே அரை நாள் எடுப்பார். அந்தக் கூலி நியாயமானது.

டிஃபரன்ஷியல் கூண்டுக்குள் இருக்கும் சிறிய கியர்களையும் மறக்க வேண்டாம். வளைவில் திரும்பும்போது ‘டொக்’ சத்தம் கேட்டால் அவையும் அவற்றின் வாஷர்களும் தேய்ந்திருக்கலாம். அவற்றையும் செட்டாகவே மாற்றுங்கள். மாருதி 800 போன்ற முன்சக்கர ஓட்ட வண்டிகளில் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பினியன் ஆழம் வைக்கும் வேலை கிடையாது. ஆனால் வேறு மாடலின் ஷாஃப்டைக் கலந்தால் பல் கணக்கு இடிக்கும்.

டிஃபரன்ஷியலுக்கு ஹைபாய்டு கியருக்கான எண்ணெயையே ஊற்றுங்கள். பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடி சுழல்வதால் சாதாரண எண்ணெய் தாங்காது. அதே எண்ணெயை யோசிக்காமல் கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள், சில வகைகள் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல், விரட்டாமல் ஓட்டி எண்ணெயை மாற்றுங்கள்.

ஹவுசிங்கில் ஏற்றுவதற்கு முன் ஒரு முறை பட்டறைக்குப் போங்கள். கிரவுனிலும் பினியனிலும் உள்ள எண்ணை உங்கள் கண்ணால் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்றச் சொல்லுங்கள்.