விதிப்படி செய்த உதவி

"உடம்பு நன்றாய்த்தானே இருக்கிறது? உழைத்துப் பிழைத்தால் என்ன?" வாசலில் வந்து உதவி கேட்பவரிடம் இவ்வாறு வினவாத இல்லத்தார் நம்மில் எத்தனை பேர்? வினா நியாயமானதுதான். ஆயினும், இந்த நியாயம் ஒரு மனிதரின் மரணத்தில் முடிந்ததுண்டு. அதை உலகுக்குச் சொன்னவர், தம் பிழையென்றே சொன்னார்.

அமெரிக்காவில் சிகாகோ நகரில், ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில், 1889-ஆம் ஆண்டு மிஸ் ஜேன் ஆடம்ஸ் என்னும் மாதரசி தம் தோழியுடன் குடிபுகுந்தார். அவ்வில்லத்தின் பெயர் ஹல் ஹவுஸ். ஏழைகளுக்குத் தூர இருந்து தர்மம் செய்வதினும், அவர்களுக்கு அண்டை வீட்டாராய் வாழ்வதே மேல் என்பது அவர் கொள்கை.

1893-ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சி முடிந்தபின் வந்த குளிர்காலத்தில், அந்நகரில் வேலையின்றித் தவித்தவர் மிகப் பலர். எங்கேனும் வேலை கிடைக்குமாயின் அதை முதலில் முயன்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே உதவி கோரலாம் என்பது நிவாரண ஊழியர்களுக்கு இட்டிருந்த விதி. சரக்கு அனுப்பும் குமாஸ்தாவாயிருந்து வேலையிழந்த ஒருவர் ஹல் ஹவுஸுக்கு வந்தார். கால்வாய் வெட்டும் இடத்தில் வேலை இருப்பதை ஆடம்ஸ் எடுத்துரைத்தார். "எந்நாளும் கட்டடத்துக்குள்ளேயே வேலை செய்தவன் நான், குளிரில் வெளிவேலை தாங்காது" என்ற கருத்துப்பட அவர் மறுமொழி கூறினார். ஆடம்ஸ் கடிந்து பேசவில்லை. விதியைத் தளர்த்தவும் இல்லை. அம்மனிதர் மீண்டும் உதவி கேட்டு வரவேயில்லை. இரண்டு நாள் மண் வெட்டினார், நிமோனியா கண்டது, ஒரு வாரத்தில் இறந்தார். அவருக்கு இரண்டு சிறு குழந்தைகள்.

அப்படியானால் விதியே வேண்டாமென்று கொள்ளலாமா? கூடாது. விதியில்லாத இடத்தில் வாய்ச் சாமர்த்தியமுள்ளவர் மும்முறை பெறுவார். கூச்சமுள்ளவர் பட்டினி கிடப்பார். குறை விதியில் இல்லை. மனிதரை அறியுமுன் அதைப் பிரயோகித்ததில்தான் இருந்தது.

அவ்வாறு அறிவதற்கும் ஒரு முறை வகுக்கப்பட்டது. 1917-இல் மேரி ரிச்மண்டு அம்மையார் 'சோஷியல் டயக்னோஸிஸ்' என்ற நூலை வெளியிட்டார். வைத்தியர் நோயை ஆராய்ந்து மருந்து கொடுப்பதுபோல, சமூக ஊழியரும் முதலில் துயருற்றவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்க வேண்டும்; குடும்பம், உற்றார், பள்ளி, வேலை கொடுத்தவர், மருத்துவர் ஆகியோர் வழியாக அவர் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்; அதன் பின்னரே இன்ன உதவியென்று முடிவு செய்ய வேண்டும் என அது விளக்கியது.

நம் நாட்டில் இக்கல்விக்கெனப் பம்பாயில் 1936-இல் சர் தொராப்ஜி டாட்டா பெயரால் ஒரு பள்ளி தோன்றியது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. இத்துறையில் ஏட்டுப் படிப்புடன் களப்பயிற்சியும் இன்று பாடத்தின் அங்கமாயிருக்கிறது.

நாம் பள்ளிக்குச் செல்ல வேண்டியதில்லை. வாசலில் நிற்பவரிடம், "முன்பு என்ன வேலை செய்தீர்கள்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டு, பதிலைச் செவிமடுத்தால் போதும். அந்த இரு குழந்தைகளையும் ஆடம்ஸ் பின்னாளிலும் கண்காணித்து வந்தார். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், தாம் கற்ற பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே என்று நெஞ்சம் கசந்ததாக 1910-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்.