பாரமான கல்லும் உறுதியான கல்லும்

ஊர் மாறும்போது மண் மட்டும் மாறுவதில்லை. மண்ணுக்கு அடியிலுள்ள கல்லும் மாறுகிறது. 1995இல் வலிகாமத்தை விட்டு வன்னிக்கு இடம்பெயர்ந்தவர்கள் சுண்ணாம்புக்கல் நிலத்திலிருந்து கருங்கல் நிலத்துக்கு வந்தவர்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வன்னியின் பெரும் பகுதியில் இருப்பது மிகப் பழைய பளிங்குருப் பாறை. இதையே நாம் கருங்கல் என்கிறோம். புதிய காணியில் கிணறு வெட்டவோ அத்திவாரம் போடவோ முன்னர் கல்லை அறிந்துகொள்வது நல்லது.

பாரமான கல்தான் உறுதியானது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது சரியன்று. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு எந்தக் கல்லையும்விடப் பாரமானது. ஆனால் அதை நகத்தால் கீறலாம். சுண்ணாம்புக்கல்லிலுள்ள கல்சைற்று நீரைவிட 2.71 மடங்கு பாரமானது. கருங்கல்லிலுள்ள படிகம் 2.65 மடங்கு மட்டுமே. ஆயினும் படிகமே மிக வன்மையானது. 1812இல் மோஸ் என்ற அறிஞர் வகுத்த 1 முதல் 10 வரையான வன்மை அளவில் கல்சைற்று 3ஆம் இடத்திலும் படிகம் 7ஆம் இடத்திலும் உள்ளன. ஆகவே பாரம் வேறு, வன்மை வேறு.

வன்மையை அறியப் பேனாக்கத்தி போதும். சுண்ணாம்புக்கல்லில் கீறு விழும். அந்தத் தூளில் தேசிக்காய்ப் புளி விட்டால் சிறிது நுரைக்கும். படிகத்தில் கீறு விழாது. மாறாக அது கண்ணாடியையே கீறும்.

பாரத்தை அறிய விற்றராசு ஒன்றும் வாளித் தண்ணீரும் வேண்டும். கல்லைக் கயிற்றில் கட்டி வெளியில் ஒரு தடவையும், நீருக்குள் முழுவதும் அமிழ்த்தி ஒரு தடவையும் நிறுங்கள். வெளியில் 5.4 கிலோ, நீருக்குள் 3.4 கிலோ என்றால் குறைந்தது 2 கிலோ. 5.4ஐ 2ஆல் வகுத்தால் 2.7. அதாவது அந்தக் கல் நீரைவிட 2.7 மடங்கு பாரமானது. நல்ல கருங்கல் பெரும்பாலும் 2.6 முதல் 2.8 வரை இருக்கும். இரும்பு கலந்த கரிய கனிமங்கள் கூடினால் 3ஐ எட்டும். நீருக்குள் கல் தொடர்ந்து குமிழ் விட்டால் அதில் துவாரங்கள் உண்டு. துவாரமுள்ள சுண்ணாம்புக்கல் 2 மடங்கு அளவிலும் இருக்கலாம்.

ஒரே பாறையும் எங்கும் ஒரேமாதிரி இருப்பதில்லை. மழையும் வெயிலும் நெடுங்காலம் பட்ட கருங்கல்லின் ஒரு பகுதி களியாக மாறுகிறது. இந்த உக்கிய கல் பாரம் குறைந்தது, அலவாங்குக்கு உதிரும். கிணற்றுக்கு இது நல்ல செய்தி. ஏனெனில் நிலத்தடி நீர் தங்குவது இந்தப் படையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலுமே. வெடிப்பில்லாத வன்மையான பாறைக்குள் நீர் தங்க இடமில்லை. அலவாங்கு தெறித்துக்கொண்டே இருந்தால், ஆழத்தைக் கூட்டிப் பணத்தைச் செலவிடுமுன் வேறு இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஆனால் உக்கிய படை இடிந்து விழக்கூடியது. அதனால் அந்த ஆழம் வரை கிணற்றுச் சுவரைக் கட்டுவது அவசியம். சுவருக்கும் அத்திவாரத்துக்கும் உக்கிய கல்லைப் பாவிக்கக் கூடாது. கிணறு வெட்டும்போது வெளியே வரும் கற்களில், கத்திக்கு மசியாததும் நீரில் குமிழ் விடாததுமானவற்றைத் தெரிந்து வைப்போம். வெட்டிய கல்லே வீட்டுக்கும் உதவும்.