விண்டோஸ் 10 முடிந்த பிறகு: அத்தையின் கோப்புறையும் இரண்டு கணினிகளும்

“புள்ள, எதுவும் அழிஞ்சிராதே?”

பொல்பிட்டிய வீட்டில், கடந்த நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, மடிக்கணினியின் முன்னால் நான் உட்கார்ந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி இது. அன்று மட்டும் அதை நான்கு தடவை கேட்டார்.

அத்தை அப்பாவின் அக்கா. தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கிளிநொச்சியில் காணி வெட்டி, கிணறு தோண்டி, முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். 2009இல் முகாமுக்கு வந்தபோது மாமாவும் இல்லை, மூத்த மகனும் இல்லை. மாமாவின் உடலை அவர் பார்த்தார். மகனைப் பற்றி இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. சில வருடங்களின் பின்னர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

எங்கள் வீட்டுப் பழைய கணினியில் அவருக்கென்று ஒரு கோப்புறை இருக்கிறது. மகனின் பாடசாலை அடையாள அட்டைப் படம், பிறப்புச் சான்றிதழின் ஸ்கேன், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதிய கடிதங்கள், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்தவை, 2013இல் அமைக்கப்பட்ட காணாமல் போனோர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தவை, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அனுப்பியவை என்று எல்லாம் அதில்தான். ஒவ்வொரு அலுவலகமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கும். அதனால் அந்தக் கோப்புறைதான் அத்தையின் அலுமாரி.

சில வருடங்களுக்கு முன்னர் கணினி மெதுவாக இயங்குகிறது என்று அப்பா அதை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே போமட் பண்ணித் திருப்பித் தந்தார்கள். கணினி வேகமாகத்தான் ஓடியது. ஆனால் டெஸ்க்டொப்பில் இருந்தவை எல்லாம் போயிருந்தன. அத்தையின் ஒன்பது கடிதங்களும் அவற்றோடு போயின. அவற்றில் சிலவற்றின் காகிதப் பிரதிகூட எங்களிடம் இல்லை. “அப்டேட்” என்ற சொல்லைக் கேட்டாலே அத்தை பயப்படுவதற்குக் காரணம் இதுதான்.

உண்மையில் என்ன முடிந்தது?

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29ஆம் திகதி வெளியிட்ட விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. இந்தச் செய்தி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது “பழைய கம்பியூட்டர் எல்லாம் இனி ஓடாதாம்” என்று மாறியிருந்தது. அது சரியல்ல.

கணினி நின்றுவிடாது. நின்றுபோனது வேறொன்று. விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் மாதந்தோறும் வரும். அவைதான் இனி தாமாக வராது. பூட்டு இருக்கிறது, சாவியும் இருக்கிறது, ஆனால் பூட்டு பழுதானால் திருத்த ஆள் வரமாட்டார். இணையத்தில் சேராத கணினிக்கு இதனால் உடனடிப் பாதிப்புக் குறைவு. மின்னஞ்சல் பார்க்கிற, வங்கிக்குள் நுழைகிற, யாரோ கொடுத்த பென் ட்ரைவைச் செருகுகிற கணினிக்கு ஒவ்வொரு மாதமும் ஆபத்துக் கூடும். கோப்புகளைப் பூட்டிவைத்துவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்கள் இத்தகைய பழைய ஓட்டைகளையும் தேடி வருகின்றன.

எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள். அவற்றின் கதையும் இரண்டு.

முதல் கணினி: தகுதி இல்லை

அத்தையின் கோப்புறை இருக்கிற கணினி, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. இன்டெல் 4ஆம் தலைமுறைச் செயலி. நன்றாக ஓடுகிறது.

விண்டோஸ் 11 கேட்கிற நினைவகம் 4 ஜிபி, சேமிப்பிடம் 64 ஜிபி. இவை பழைய கணினிகளிலும் இருக்கும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், செக்கியூர் பூட் என்ற வசதியும் வேண்டும். செயலியும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்து, அதாவது 2017இன் பிற்பகுதியிலிருந்து வந்தவைதான் அந்தப் பட்டியலில் உள்ளன. உங்கள் கணினி தேறுமா என்பதை மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சிறிய மென்பொருள் சொல்லிவிடும். கடையில் பொருத்தி வாங்கிய கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதுண்டு. ஆகவே “இல்லை” என்று வந்தால் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது தேறவில்லை. இந்தச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவதாகச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. அப்படிச் செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. திருத்தங்களுக்காகத்தான் மாறுகிறோம் என்றால் அந்த வழியில் போவதில் பொருளில்லை.

மிச்சமிருந்த வழி, ஒரு வருடக் கூடுதல் பாதுகாப்புத் திட்டம். இதில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். சேர்வதற்கு மூன்று வழிகள் உண்டு: 30 டொலர் கட்டலாம், மைக்ரோசொப்ட் ரிவோர்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம், அல்லது மைக்ரோசொப்ட் கணக்கொன்றில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கலாம். மூன்றாவதற்குக் காசு தேவையில்லை. நாங்கள் அதைத்தான் செய்தோம். உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பாக இருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்புத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அமைப்புகளை ஒத்திசைப்பது வேறு, கோப்புகளை ஒன்ட்ரைவில் ஏற்றுவது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். ஒன்ட்ரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபி மட்டுமே. அது நிறைந்துவிட்டால் மீதிக் கோப்புகள் ஏறமாட்டா. அதைவிட முக்கியமானது, உங்கள் கோப்புகள் இணையத்துக்குப் போக வேண்டுமா என்பது உங்கள் முடிவு. சாட்சியங்களும் முறைப்பாடுகளும் வைத்திருக்கிற குடும்பங்கள் இதை யோசித்தே தீர்மானிக்க வேண்டும். அத்தையிடம் கேட்டேன். “நம்ம கையில இருக்கட்டும்” என்றார். வேண்டாம் என்று அழுத்தினேன்.

இரண்டாவது கணினி: இடியும் மெயின் சுவிட்சும்

தங்கச்சி 2020இல், பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகளின் பாடத்துக்காகத் தவணைக்கு வாங்கிய மடிக்கணினி விண்டோஸ் 11க்குத் தேறியது. ஆனால் உள்ளே இடமில்லை. பிள்ளைகளின் வீடியோக்களை வேறொரு வன்தட்டுக்கு மாற்றி இடம் எடுத்தோம். பதிவிறக்கம் பல ஜிபி வரும். மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் இரண்டு கோடுதான். போனை ஜன்னலில் வைத்து, இரண்டு இரவுகளாக இறக்கினோம்.

தொடங்குவதற்கு முன்னர் மூன்று வேலைகள் செய்தேன். முதலாவது, அத்தையின் கோப்புறையைப் பழைய கணினியிலிருந்து இரண்டு பென் ட்ரைவ்களிலும் இந்த மடிக்கணினியிலும் பிரதி எடுத்தேன். பிரதி எடுத்தால் போதாது, திறந்து பார்க்கவும் வேண்டும். நான் பார்த்தது படங்களை மட்டும். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற வசதி தங்கச்சிக்குத் தெரியாமலே வாங்கிய நாளிலிருந்து இயங்கிக்கொண்டிருந்தது. களவு போனால் உள்ளே இருப்பதை வேறொருவர் பார்க்க முடியாது என்பது நல்லதுதான். ஆனால் பெரிய மாற்றமொன்றின்போது கணினி திடீரென 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கக்கூடும். அது இல்லையென்றால் உரிமையாளருக்கும் உள்ளே இடமில்லை. அந்தத் திறவுகோல், தங்கச்சி 2020இல் திறந்து மறந்துவிட்ட மைக்ரோசொப்ட் கணக்கில் இருந்தது. கடவுச்சொல் ஞாபகமில்லை. நல்லவேளை, தொலைபேசி இலக்கம் மாறவில்லை. மீட்டெடுத்து, 48 இலக்கங்களையும் கொப்பியில் எழுதினோம்.

மூன்றாவது, பட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மதியம் தொடங்கினோம். இந்தப் புதுப்பிப்பு நடக்கும் விதம் இது: முதலில் நாம் வேறு வேலை செய்யும்போதே பின்னணியில் தயாராகும். பிறகு கணினி மறுதொடக்கம் ஆகி, பழைய இயங்குதளத்தை ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற கோப்புறைக்கு நகர்த்தி, புதியதை வைத்து, நம் கோப்புகளையும் மென்பொருள்களையும் அதோடு சேர்க்கும். ஏதேனும் பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் நடுவில் மின்சாரம் போவது அதற்கு வைக்கிற மிகக் கடுமையான சோதனை.

மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. லக்சபான நீர்மின் தொகுதியின் மின் நிலையம் 1969 முதல் இயங்குகிற ஊர் எங்களுடையது. ஆனாலும் இடி முழங்கினால் மெயின் சுவிட்சை அணைப்பது இங்கே வீட்டுக்கு வீடு வழக்கம். திரையில் 61 சதவீதம். வெளியே ஓர் இடி. அப்பா எழுந்து போய் மெயினை அணைத்தார்.

“அப்பா!”

“கம்பியூட்டரக் காப்பாத்தத்தான் நிறுத்துனேன்” என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. இதற்கு முன்னர் ஒரு தொலைக்காட்சியை மின்னலுக்குக் கொடுத்தவர் அவர்.

பட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வழியில்லை, திரையில் சதவீதம் மட்டும்தான். மழைச் சத்தத்தில் எல்லோரும் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அத்தை இரண்டு பென் ட்ரைவ்களையும் கையில் வைத்திருந்தார். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பட்டரியில் மிச்சம் 9 சதவீதம். இதுவே மேசைக் கணினியாக இருந்திருந்தால் 61லேயே அணைந்திருக்கும். மலையகத்தில் இருப்பவர்கள், அதுவும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், இதைக் காலையில் செய்யுங்கள். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

எழுத்துகள் எங்கே?

“அந்த லெட்டரக் காட்டு” என்றார் அத்தை.

கடிதத்தைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பொருளில்லாமல் பக்கம் முழுவதும் இறைந்து கிடந்தன. அடுத்ததைத் திறந்தேன், அதுவும் அப்படியே. அத்தை ஒன்றும் பேசவில்லை. எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் எடுத்தது. அந்தக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. வடக்கு, கிழக்கிலும் இங்கும் தட்டச்சுக் கடைகளில் பல காலமாகப் புழங்குவது அதுதான். பாமினியில் தட்டினால் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளை. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். கடிதம் அழியவில்லை, முகமூடி கழன்றிருக்கிறது. இதற்கும் விண்டோஸ் 11க்கும் தொடர்பில்லை. இந்த மடிக்கணினியில் பாமினி ஒருபோதும் இருந்ததில்லை, அவ்வளவுதான். நான் முன்கூட்டியே கடிதங்களையும் திறந்து பார்த்திருந்தால் அத்தைக்கு அந்த நிமிடம் வந்திருக்காது.

பழைய கணினியிலிருந்து பாமினியை எடுத்து நிறுவினேன். தமிழ் வந்தது. அத்தையைக் கூப்பிட்டேன். நின்றபடியே முதல் கடிதத்தை முழுவதுமாக வாசித்தார், மகனின் பெயர் வரும் வரியில் விரலை வைத்துக்கொண்டு.

இது பல வீடுகளில் நடக்கப்போகிற ஒன்று. உள்ளதன் மேலேயே புதுப்பித்தால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். போமட் பண்ணிப் புதிதாக ஏற்றினாலோ வேறு கணினிக்கு மாறினாலோ அவை போய்விடும். “கோப்பு கெட்டுவிட்டது” என்று நினைத்து யாரும் அழித்துவிட வேண்டாம். அன்றிரவு எல்லாக் கடிதங்களையும் இரண்டு விதமாகச் சேமித்தோம். ஒன்று, பிடிஎப். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடுவதால் எந்தக் கணினியிலும் தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும். மற்றது, ஒருங்குறிக்கு மாற்றிய பிரதி. அதில்தான் ஒரு பெயரைத் தட்டித் தேட முடியும். மாற்றித் தரும் இணையத்தளங்கள் உண்டு. ஆனால் சாட்சியக் கடிதங்களை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டுவதை விட, இணையம் இல்லாமல் இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துவது நல்லது.

புதுப்பித்தது பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதன் பின்னர் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே முதல் பத்து நாட்களில் பிரிண்டர், ஸ்கேனர், பழைய கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

பழைய கணினிக்கு 2026 ஒக்டோபர் 13 வரை தவணை இருக்கிறது. அதற்குப் பிறகு அதில் லினக்ஸ் மின்ட் ஏற்றலாம் என்றிருக்கிறேன். இலவசம், பழைய செயலியிலும் ஓடும், பாமினி கடிதங்களையும் எழுத்துருவை நிறுவினால் லிப்ரே ஒபிஸில் திறக்கலாம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் மண்சரிவுகள் எத்தனை வீடுகளைக் கொண்டுபோயின என்பதை வாசகர்கள் அறிவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளியேறச் சொல்லி அறிவித்த இரவில் ஆளுக்கொரு பையோடு கிளம்பினோம். யாரும் கணினியைத் தூக்கவில்லை. அத்தை பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கிற பிஸ்கட் டின்னை மட்டும் நெஞ்சோடு பிடித்திருந்தார். அதற்குள் ஒரு பென் ட்ரைவும் 48 இலக்கங்கள் எழுதிய கொப்பித் தாளும் இருந்தன. மற்றப் பென் ட்ரைவ் ஏற்கனவே கிளிநொச்சியில், அவருடைய மகளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.