அகதிக் குழந்தைகளின் கல்வியும் குடியுரிமைத் தடையும்: போடி ஏலமலைச் சரிவை முன்வைத்து ஓர் ஒப்பீடு

திறவுச்சொற்கள்: மறுவாழ்வு முகாம், ஏலத்தோட்டம், கட்டாயக் கல்விச் சட்டம், குடியுரிமை

முன்னுரை

1983ஆம் ஆண்டு சூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தமிழகம் வந்தோரின் பேரக்குழந்தைகள் இன்று பள்ளிகளில் பயில்கின்றனர். 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரப்படி, 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். இவர்தம் குழந்தைகளின் கல்விநிலையை, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்தம் குழந்தைகளின் நிலையோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

பள்ளியில் சேர்தல்

இரு சாரார்க்கும் பொதுவான இடர் இடப்பெயர்வாகும். காய் எடுக்கும் காலத்தில் பெற்றோருடன் தோட்டத்தில் தங்க நேரும் குழந்தையின் படிப்பு ஆண்டின் நடுவில் அறுபடுகிறது. படகில் வந்து இறங்கிய குழந்தையிடமோ பிறப்புச் சான்றும் மாற்றுச் சான்றும் இருப்பதில்லை.

இவ்விடரை 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் கருத்தில் கொண்டுள்ளது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க 4ஆம் பிரிவும், மாற்றுச் சான்றுத் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடலாகாது என 5ஆம் பிரிவும், வயதுச் சான்று இன்மையால் சேர்க்கையை மறுக்கலாகாது என 14ஆம் பிரிவும் கூறுகின்றன. 6 முதல் 14 வயதுவரையுள்ள ‘குழந்தை’ எனச் சட்டம் சொல்கிறதேயன்றிக் ‘குடிமகனின் குழந்தை’ எனச் சொல்லவில்லை. எனவே பள்ளி வாயிலில் இரு குழந்தைகளும் சமமே. பயிற்றுமொழி தமிழாயிருப்பது அகதிக் குழந்தைக்குக் கூடுதல் துணையாகிறது.

பள்ளிக்குப் பின்

வேறுபாடு பின்னரே தோன்றுகிறது. தோட்டத் தொழிலாளியின் மகள் பட்டம் பெற்றால் அரசுப் பணித் தேர்வு எழுதலாம், கடவுச்சீட்டும் பெறலாம். முகாமில் பிறந்த பெண்ணுக்கு இவை எளிதில் வாய்ப்பதில்லை. குடியுரிமைச் சட்டப்படி, 1987 சூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் கூடாது. ஆகவே முகாமைச் சேர்ந்த இருவர்க்குப் பிறந்த குழந்தை, இலங்கையைக் கண்டறியாத நிலையிலும் அயலாராகவே கருதப்படுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் இலங்கையை உள்ளடக்கவில்லை.

உதவிகளும் எல்லையும்

1984இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் மாணவர் கல்விக்குத் துணைநின்று வருகிறது. 2021 ஆகத்து மாதம் தமிழக அரசு அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டம், பொறியியல் மாணவர் ஐம்பதின்மருக்குக் கல்வி, விடுதிக் கட்டணங்களை ஏற்றதோடு பிற கல்வி உதவித்தொகைகளையும் உயர்த்தியது. இவை படிப்பை முடிக்க உதவுகின்றன. ஆயினும் படித்த படிப்பிற்குரிய பணியைப் பெற உதவும் அதிகாரம் மாநில அரசிடம் இல்லை, குடியுரிமை நடுவணரசுக்குரியது.

முடிவுரை

தோட்டத் தொழிலாளர் குழந்தைக்கு வேண்டுவது இடையறாத பள்ளி. அதனை இரு மாநிலக் கல்வித் துறைகளும் கலந்து செய்தல் இயலும். அகதிக் குழந்தைக்குப் பள்ளி கிடைத்துவிட்டது. வேண்டுவது அக்கல்வி பயன்படும் வாழ்வு. படித்தும் கூலி வேலைக்கே செல்லும் மூத்தோரைக் காணும் இளையோர்க்குப் படிப்பில் நாட்டம் குன்றுதல் இயல்பு. ஆகவே இந்திய மண்ணில் பிறந்த முகாம் குழந்தைகளின் குடியுரிமையைக் கல்விச் சிக்கலாகவும் கொள்ளுதல் வேண்டும்.