அநீதியான வேர்

அரபு மொழியில் ‘இர்க்’ என்னும் ஒரே சொல் வேரையும் குறிக்கும், இரத்த நாளத்தையும் குறிக்கும். பிறர் நிலத்தில் உரிமையின்றி நடப்பட்ட மரத்தை ஃபிக்ஹு நூல்கள் ‘இர்க் ழாலிம்’, அதாவது அநீதியான வேர் என்கின்றன. புற்றுநோயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இச்சொல்லே என் நினைவுக்கு வருகிறது.

ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமாயின் கட்டிக்குத் தனி இரத்த நாளங்கள் தேவை. அவற்றைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்று 1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். நாளங்களை வரவழைக்கும் தூதுப் பொருள் ‘வி.இ.ஜி.எஃப்.’ என்னும் புரதம் என்பது 1980களின் இறுதியில் தெளிவாயிற்று.

எங்கள் வெள்ளகோவிலில் பி.ஏ.பி. வாய்க்காலின் கடைமடை விவசாயிக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேலே எவரோ திருட்டுக் குழாய் பதித்தால் கீழே பயிர் வாடும். ஆனால் கட்டி குழாய் பதிப்பதில்லை. அது விடுக்கும் அழைப்பைக் கேட்டு வாய்க்காலே கிளைவிட்டு அதன் தோட்டத்துக்குப் போகிறது!

அந்த அழைப்பைக் கேட்கும் செவிகளே ஏற்பிகள். நாளத்தின் உட்சுவர் உயிரணுக்களில் அவை பதிந்துள்ளன. புரதம் வெளிப்புறத்தில் வந்து பொருந்தியதும், அணுவுக்குள் இருக்கும் ஏற்பியின் வால்பகுதி நொதியாக இயங்கத் தொடங்கி, பெருகுமாறும் நகருமாறும் அணுவை ஏவுகிறது. 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் தூதுவனையே வழிமறிக்கிறது. 2014இல் வந்த ராமுசிருமாப் ஏற்பியின் வாயிலை அடைத்து அமர்கிறது. சொராஃபெனிப் என்ற மாத்திரையோ அணுவினுள் புகுந்து வாலை முடக்குகிறது. காயம் ஆறுவதற்கும் இவ்வழியே தேவையாதலால் அறுவை சிகிச்சைக் காலத்தில் இவற்றை நிறுத்திவைப்பர். இரத்த அழுத்தமும் ஏறக்கூடும்.

பலன் எவ்வளவு? முற்றிய கல்லீரல் புற்றில் சொராஃபெனிப் உண்டோரின் இடைநிலை ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக உயர்ந்ததென 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏறத்தாழ மூன்று மாதம். மகளின் நிக்காஹைக் காணக் காத்திருக்கும் தந்தைக்கு அது சிறிதன்று.

அம்மாத்திரைக்கு பேயர் நிறுவனம் இந்தியாவில் வைத்த விலை மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய். தேவைப்பட்டோரில் இரண்டு விழுக்காட்டினர் அளவுக்கே அது எட்டியதெனக் கண்ட காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், 2012 மார்ச்சில் ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். இந்தியாவில் இதுவே முதல் முறை. விலை 8,880 ரூபாய்க்கு மிகலாகாது. ஆண்டுதோறும் 600 ஏழை நோயாளிகளுக்கேனும் இலவசமாகத் தரவேண்டும். விற்பனையில் 6 விழுக்காடு பேயருக்கு உரியது என்பன நிபந்தனைகள். அப்போது சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013 மார்ச்சில் பங்கை 7 விழுக்காடாக உயர்த்தி ஆணையை உறுதிசெய்தது. 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

இது பிறர் உடைமையைப் பறிப்பதாகாதா என்று மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கண்டுபிடிப்புரிமையும் ஷரீஅத் பாதுகாக்கும் உடைமையே என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமி தீர்மானித்துள்ளது. ஆனால் இஹ்திகார் எனும் பதுக்கலைப் பற்றிய விவாதமும் உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அத்தடையை மனிதர், கால்நடைகளின் உணவோடு நிறுத்தியிருக்க, அவர்தம் மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), முடக்கிவைத்தால் மக்களுக்குத் தீங்கு நேரும் எப்பொருளுக்கும் அதனை விரித்தார். மருந்து அவ்விரிவுக்குள் அடங்கும் என்பதே என் கருத்து. உரிமையாளருக்குரிய பங்கும் மறுக்கப்படவில்லை. 7 விழுக்காடு அவர் கைக்கே போய்ச்சேர ஆணை வழி செய்திருந்தது.